படப்பெட்டி வந்த வழி

1962ஆம் ஆண்டில் இலங்கைத் திரையில் இரண்டு படங்கள் வரலாற்றில் இடம்பிடித்தன. ஒன்று, சிங்களத்தின் முதல் முழுநீள வண்ணப் படமான 'ரன்முத்து தூவ'. கடலடிப் புதையலைத் தேடும் கதை. திருமலை என்று நாம் அழைக்கும் திருகோணமலையின் கடலிலும் கோணேசர் மலைச் சாரலிலும் படம் பிடித்தார்கள். இயக்கியவர் மைக் வில்சன். பணம் போட்டவர்களில் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். அந்த மலைக்கு அடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் கற்தூண்களை 1956இல் கண்டவர்களும் இவர்கள்தான். மற்றது 'சமுதாயம்'. ஹென்றி சந்திரவன்ச 16 மில்லிமீற்றர் சுருளில் எடுத்த, இலங்கையின் முதல் தமிழ்ப் படம். ஒரே தீவில், ஒரே ஆண்டில், ஒரு மொழி வண்ணத்துக்குப் போனபோது மற்ற மொழி அப்போதுதான் சின்னச் சுருளில் எழுத்துக்கூட்டத் தொடங்கியது. திருமலையின் கடலும் மலையும் வெளியிலிருந்து வந்த முதலுக்குப் பின்னணியாகக் கிடைத்தன. திருமலைச் சனமோ தியேட்டர் வாசலில் சீட்டு வாங்கும் கூட்டமாக மட்டுமே சினிமாத் தொழிலுக்குத் தெரிந்தது. அந்த ஊரிலிருந்து ஒரு தமிழ்ப் படம் எழுந்து வர 1978 ஆகியது. இந்தத் தாமதத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் நான்கு: பணமில்லை, திறமையில்லை, அரசு விடவில்லை, யுத்தம் அழித்தது. நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கையும் கூட்டினாலும் கணக்கு நேராகவில்லை. விடுபட்டுப்போகும் காரணம் விநியோகம். அதைப் பேசுவது நமக்குச் சங்கடமானது, ஏனென்றால் விநியோகத்தைக் கையில் வைத்திருந்தவர்களில் முன்னணியில் நின்றவர்கள் தமிழர்கள்.

இலங்கைச் சினிமாத் தொழிலைக் கட்டியதில் தமிழ் முதலாளிகளின் பங்கு சிறியதல்ல. சிலோன் தியேட்டர்ஸ் கம்பனியை 1928இல் தொடங்கிய சிற்றம்பலம் கார்டினர் தமிழர்; கொழும்பில் அவர் பெயரில் ஒரு பெருவீதி இன்றும் இருக்கிறது. முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இல் வெளியானது. அதைத் தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், எடுத்த இடம் மதுரை. கதாநாயகி ருக்மணி தேவி பிறப்பால் தமிழ்ப் பெண். நாயகம் பின்னர் கந்தானையில் ஸ்ரீ முருகன் நவகலா என்ற ஸ்டூடியோவை அமைத்தார். சினிமாஸ் லிமிட்டெட் கம்பனியின் கே. குணரத்தினம் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோவை நிறுவினார். 1953இல் 'சுஜாதா'வையும் 1960இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய'வையும் தயாரித்தார். சிங்களப் படப் பாடல்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமியையும் எம்.கே. ரொக்சாமியையும் நீக்கிவிட்டு அந்தக் காலத்துச் சிங்களத் திரையிசையை எழுதவே முடியாது. ஆக, தமிழருக்குச் சினிமாத் தொழில் தெரியாது என்றோ அதில் போடப் பணமில்லை என்றோ யாரும் சொல்ல முடியாது. ஸ்டூடியோ, இறக்குமதி, விநியோகம், தியேட்டர் என்று சங்கிலியின் எல்லாக் கண்ணிகளிலும் தமிழ்ப் பெயர்கள் இருந்தன. அந்தச் சங்கிலியில் இலங்கைத் தமிழ்ப் படத்துக்கு மட்டும் கொக்கி இருக்கவில்லை.

காரணம் வன்மமல்ல, கணக்கு. சென்னைப் படத்தின் செலவு தமிழ்நாட்டிலேயே எடுபட்டுவிடும். இலங்கை விநியோகத்தர் உரிமைக்கும் பிரதிகளுக்கும் மட்டும் பணம் கொடுத்தால் போதும். விளம்பரம் ஏறக்குறைய இலவசம்: பாட்டை இலங்கை வானொலி நாள் முழுக்கப் போடும், நடிகரின் படத்தைச் சென்னைச் சஞ்சிகைகள் அட்டையில் கொண்டுவந்து தரும். ஈழத்துப் படமோ தன் முழுச் செலவையும் இந்தத் தீவின் தமிழ்ப் பார்வையாளரிடமிருந்தே பெற வேண்டும், அதுவும் யாரும் அறியாத முகங்களை வைத்துக்கொண்டு. திருகோணமலை மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 1981 குடிசன மதிப்பீட்டில் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஒவ்வொருவரும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. முஸ்லிம்களின் மொழியும் தமிழ் என்பதால் மாவட்டத்தில் மூன்றில் இரண்டு பேர் தமிழ்ப் படத்தின் வாடிக்கையாளர். விகிதமாகப் பார்த்தால் நல்ல சந்தை, தலைக்கணக்கில் சிறிய சந்தை. படப்பெட்டி முதலில் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் ஓடும். கூட்டம் குறைந்த பிறகு ரயிலேறி மற்ற ஊர்களுக்கு வரும். தகரப் பெட்டிக்குள் வட்ட வட்டமாக அடுக்கிய ரீல்கள் பல இடங்களில் அறுந்து ஒட்டப்பட்டிருக்கும், மழை பெய்வதுபோலக் கோடு விழுந்திருக்கும். பாட்டின் நடுவே படம் எகிறி அடுத்த காட்சிக்குப் போனால் கலரியில் விசில் பறக்கும். நெல்சன் தியேட்டர் போன்ற மாவட்ட அரங்குகளின் வருமானம் அந்தப் பெட்டி தவறாமல் வருவதில் தங்கியிருந்தது. பெட்டியை அனுப்பும் கொழும்புக் கம்பனியைப் பகைத்துக்கொண்டு ஓர் உள்ளூர்ப் படத்துக்கு நல்ல வாரத்தை ஒதுக்கினால், அடுத்த தீபாவளிக்கு எம்.ஜி.ஆர். படம் பக்கத்து ஊருக்குப் போகும். தியேட்டர்க்காரர் அந்த ஆபத்தை விலைக்கு வாங்கமாட்டார். வாங்கவேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

திருமலைக்கு இன்னொரு பலவீனமும் இருந்தது. உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பெயர்பெற்ற இடம் அது. ஆனால் பிரித்தானியர் அதை வணிகத் துறைமுகமாக வளர்க்கவில்லை. கொழும்பு வணிகக் கப்பலுக்கு, திருகோணமலை போர்க்கப்பலுக்கு என்பது அவர்களின் ஏற்பாடு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியது அந்தக் கடற்படைத் தளத்தின் மேல்தான். 1957இல் தளம் இலங்கை அரசிடம் கையளிக்கப்பட்டது. கடற்படைத் தளத்தை நம்பி வளர்ந்த ஊரில் சம்பளக்காரர் கூட்டம் பெருகும். எழுதுவினைஞர், பட்டறைத் தொழிலாளி, ஆசிரியர், வைத்தியர் என்று ஒரு நடுத்தர வகுப்பு உருவாகும். ஏற்றுமதி இறக்குமதியில் வளரும் வணிக முதல் அங்கே திரளாது. சினிமாவுக்குச் சம்பளக்காரர் கூட்டம் பார்வையாளராகப் போதும், முதலாளியாகப் போதாது. 1978இல் எம்.ஏ. கபூர் இயக்கத்தில் வந்த 'தென்றலும் புயலும்' திருமலை வைத்தியர் ஒருவரின் முயற்சி என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். ஈழத்துப் படங்களின் வரிசையைப் புரட்டினால் இதே சித்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. 1972இல் வந்த 'குத்துவிளக்கு' கட்டடக்கலைஞர் வி.எஸ். துரைராஜாவின் தயாரிப்பு. 'புதிய காற்று', 'நான் உங்கள் தோழன்' படங்களை எடுத்த வி.பி. கணேசன் தொழிற்சங்கவாதி. சினிமா வியாபாரம் தெரிந்தவர்கள் ஈழத்துப் படத்தில் பணம் போடவில்லை. பணம் போட்டவர்களுக்குச் சினிமா வியாபாரம் தொழிலாக இருக்கவில்லை. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் ஈழத்துச் சினிமாவை விழுங்கியது என்பது என் வாதம்.

வெளி உலகில் இதற்கு நெருங்கிய ஒப்பு அமெரிக்கக் கறுப்பினத் தயாரிப்பாளர்களின் கதை. 1916இல் தொடங்கிய லிங்கன் மோஷன் பிக்சர் கம்பனி கறுப்பினத்தவரே நடத்தியது. சில ஆண்டுகளுக்கு மேல் அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆஸ்கர் மிஷோ தன் முதல் படமான 'தி ஹோம்ஸ்டெடர்' எடுப்பதற்குக் கம்பனிப் பங்குகளை விற்றுப் பணம் சேர்த்தார். படம் 1919இல் வந்தது. அதன் பின் அவர் செய்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். விநியோகக் கம்பனி எதுவும் தன்னை ஏற்காது என்று தெரிந்து, படப்பிரதியைத் தானே காவிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். தியேட்டர் முதலாளிகளைச் சந்தித்து, எடுக்கப்போகும் அடுத்த படத்துக்கும் சேர்த்து முற்பணம் வாங்கினார். அப்படிப் பல படங்களை எடுத்தும் 1928இல் வங்குரோத்து ஆனார். ஏனென்றால் கறுப்பின மக்கள் நிறைந்திருந்த தியேட்டர்களிலும் பெரும்பாலானவை வெள்ளையரின் சொத்து. படம் எடுப்பவர் ஒருவர், திரையை வைத்திருப்பவர் வேறொருவர் என்றால் எடுப்பவர் எப்போதும் கடன்காரர்தான். ஈழத்துக் கதை இதிலிருந்து ஓரிடத்தில் பிரிகிறது. அந்தப் பிரிவு நமக்கு இன்னும் பாதகமானது. மிஷோவின் பார்வையாளருக்குத் தங்கள் முகத்தைத் திரையில் பார்க்க அவர் போன்றவர்களை விட்டால் வழி மிகக் குறைவு. ஹொலிவுட் அவர்களை வேலைக்காரராகவும் கோமாளியாகவும் காட்டியது. திருமலைப் பார்வையாளருக்கோ அவருடைய மொழியையே பேசிய பிரமாண்டமான போட்டிக் கடை பாக்கு நீரிணைக்கு அப்பால் திறந்திருந்தது. கடைக்காரரின் முகவரும் அந்தப் பார்வையாளரின் இனத்தவரே. அந்நியன் கதவைச் சாத்தினால் கோபம் வரும், கோபத்திலிருந்து ஓர் இயக்கம் பிறக்கும். நம் கதவு சாத்தப்படவே இல்லை. அதனால் யாரும் அதைத் தட்டவும் இல்லை.

இதற்கு முதலில் எழும் மறுப்பு தரம் பற்றியது. ஈழத்துப் படங்கள் சென்னைப் படங்களின் மெலிந்த நகல்கள், ஓடாததில் என்ன ஆச்சரியம் என்பார்கள். பல படங்களைப் பொறுத்தவரை அது உண்மைதான்; ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் அதே அளவுகோலை ஆரம்பகாலச் சிங்களப் படங்களின் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். அவையும் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில் தென்னிந்தியக் கதைகளின் அச்சில் வார்த்தவைதான். ஸ்டூடியோவை விட்டு வெளியே வந்து கிராமத்து வெயிலில் எடுத்த 'ரேகாவ' வெளியாக 1956 ஆகியது. 1947இலிருந்து அந்த ஒன்பது ஆண்டுகள் அந்தப் படங்கள் தாக்குப்பிடித்தது தரத்தால் அல்ல. சிங்களத்தில் பேசும் வேறு சினிமா உலகில் எங்கும் இல்லாததால். கற்றுக்கொள்ளவும் தவறுவிடவும் அவற்றுக்கு அவகாசம் இருந்தது. ஈழத்துத் தமிழ்ப் படத்துக்கு முதல் வெள்ளிக்கிழமையே பரீட்சை, அதுவும் சிவாஜி கணேசனுடன். தரம் குறைந்தவை தோற்றன என்றால் தரமானவை தப்பியிருக்க வேண்டும். காவலூர் இராசதுரை திரைக்கதை எழுதி தர்மசேன பத்திராஜ இயக்கிய 'பொன்மணி' (1977) இன்று விமர்சகர்கள் மதிப்புடன் பேசும் படம். அது வந்த வேகத்திலேயே தியேட்டரை விட்டுப் போனது. வானொலி நாடகத்தின் புகழைக் கொண்டுவந்த 'கோமாளிகள்' (1976) ஓடியது. வானொலி அந்தப் படத்துக்குச் செய்துகொடுத்த முன்விளம்பரம், சென்னைப் படத்துக்குச் சஞ்சிகைகள் செய்துகொடுத்தது போன்றது. ஒரு படத்தின் முடிவு தரத்தோடு சேர்த்து, தியேட்டருக்கு வரும் முன்னரே அது பார்வையாளரின் காதில் விழுந்ததா என்பதிலும் தங்கியிருந்தது.

அடுத்த மறுப்பு அரசைச் சுட்டுகிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அமைந்து, 1972 முதல் இறக்குமதியும் விநியோகமும் படிப்படியாக அதன் கைக்குப் போயின. தமிழ் விநியோகத்தரின் முதுகெலும்பு அதோடு முறிந்தது, அதனால் தமிழ்ச் சினிமாவும் வீழ்ந்தது என்பது வாதம். முதற்பாதி உண்மை. தனியாரிடமிருந்து பறித்ததில் இனவாத நோக்கம் கலந்திருந்தது என்று சந்தேகிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. பிற்பாதிக்கு ஆண்டுக்கணக்கே எதிர்ச்சாட்சி. 1962 முதல் 1971 வரை பத்தாண்டுகளில் 'தோட்டக்காரி', 'கடமையின் எல்லை', 'பாசநிலா', 'டாக்சி டிரைவர்', 'நிர்மலா' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில படங்கள். தமிழ் விநியோகத்தர் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கூட்டுத்தாபனம் வந்து, தென்னிந்தியப் படங்களின் வரவும் சென்னைச் சஞ்சிகைகளின் வரவும் குறைக்கப்பட்ட எழுபதுகளின் நடுவில்தான் படங்கள் பெருகின. 1978 ஒன்றிலேயே 'நான் உங்கள் தோழன்', 'வாடைக்காற்று', 'தென்றலும் புயலும்', 'தெய்வம் தந்த வீடு', 'ஏமாளிகள்' என்று அடுத்தடுத்து வந்தன. தமிழர் நலனைக் கருதிச் செய்யாத ஒரு கட்டுப்பாடு, இலங்கைத் தமிழ்ச் சினிமாவுக்கு அதற்குமுன் யாரும் கொடுக்காத இடத்தைத் தற்செயலாகக் கொடுத்தது. அந்தக் காலத்துக் கெடுபிடிகளால் வாசகரும் வியாபாரிகளும் பட்ட கஷ்டத்தை நான் மறக்கவில்லை. ஆனால் திரையில் இடம் கிடைத்தால் எடுப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள் என்பதை அந்த ஆறேழு ஆண்டுகள் ஐயமறக் காட்டுகின்றன. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டது. மறுபடி தென்னிந்தியப் படங்களின் வெள்ளம் வந்தது. திருமலைப் படம் வெளியான அதே 1978இல் இந்திய-இலங்கைக் கூட்டுத் தயாரிப்பாக 'பைலட் பிரேம்நாத்' வந்தது. சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் சேர்ந்து நடித்த படத்தின் எதிரில் ஒரு வைத்தியரின் சேமிப்பு எத்தனை வாரம் நிற்கும்?

யுத்தத்தின் மேல் முழுப் பழியையும் போடுபவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வது மனதைப் பிசைகிறது, ஏனெனில் அழிவு மெய்யாகவே பயங்கரமானது. 1983 யூலை இனக்கலவரத்தில் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது; அங்கிருந்த படச்சுருள்களும் சாம்பலாயின. அவற்றில் மிகப் பல சிங்களப் படங்கள். தமிழரின் சொத்தென்று கொளுத்தியவர்கள் தங்கள் மொழியின் திரை வரலாற்றையே கொளுத்தினார்கள். சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அதே நாட்களில் கும்பலின் கையில் உயிரிழந்தார். திருகோணமலையில் கடற்படையினரே தெருவில் இறங்கித் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் எரித்தார்கள். குணரத்தினம் 1989இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு சமூகத்தின் தொழில் முனைவை இதைவிடக் கொடூரமாக வேரறுக்க முடியாது. இதை எந்த வாதத்துக்காகவும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் வரிசை மாறக்கூடாது. 1979க்குப் பின் ஆண்டுக்கு ஒன்று இரண்டு என்று ஈழத்துப் படங்கள் ஏற்கெனவே அருகிவிட்டன. 1979இல் ஐ.ரி.என்., 1982இல் ரூபவாகினி என்று தொலைக்காட்சி வந்தது. வீட்டுக்குள் வீடியோ கசெற் வந்தது. அதில் ஓடியதும் சென்னைப் படமே. தீ வைக்கப்பட்டபோது ஸ்டூடியோ இருந்தது, தியேட்டர் இருந்தது. இலங்கைத் தமிழ்ச் சினிமா என்று எரிக்கக் கிடைத்தது மிகக் கொஞ்சம்.

யுத்தமே காரணமென்றால், யுத்தத்துக்கு அப்பால் லண்டனிலும் பரிசிலும் நம் முதலாளிகள் தலையெடுத்தபோது கதை மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. ஈழத்தமிழர் நடத்திய லண்டனின் ஐங்கரன் கம்பனி சென்னைப் படங்களை உலகெங்கும் விநியோகித்து வளர்ந்தது. பிறகு 'வில்லு', 'பேராண்மை' என்று சென்னையிலேயே தயாரித்தது. முல்லைத்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட அல்லிராஜா சுபாஸ்கரனின் லைக்கா 2014இல் 'கத்தி'யோடு கோடம்பாக்கத்தில் நுழைந்து, '2.0', 'பொன்னியின் செல்வன்' வரை இந்தியாவின் மிகப் பெரிய செலவுப் படங்களில் கைவைத்தது. தொலைக்காட்சியிலும் இதே போக்குத்தான். கொழும்பின் தமிழ் வணிகக் குடும்பம் ஒன்றின் மகாராஜா நிறுவனம் 1998இல் சக்தி தொலைக்காட்சியைத் தொடங்கியது. உள்ளூர்ச் செய்தியையும் பாட்டுப் போட்டியையும் அது வளர்த்தது. மாலை நேரத்தின் நெடுந்தொடர்களோ பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தன. குணரத்தினம் காலத்துக் கணக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அப்படியே நிற்கிறது: செலவு முன்பே எடுபட்ட பண்டத்தை வாங்கி ஓட்டுவது எப்போதும் மலிவு. தமிழ் முதல், தமிழ்த் திறமை, தமிழ்ப் பார்வையாளர் மூன்றும் இருந்தும் இலங்கைத் தமிழ் வாழ்க்கை திரைக்கு வராமல் போவதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வியாபாரிக்கு மொழிக்கடன் எதற்கு, லாபம் பார்ப்பது அவர் தொழில் அல்லவா என்று கடைசியாகக் கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர்களைத் துரோகிகள் என்று ஏசும் மேடைப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. கார்டினரும் குணரத்தினமும் கட்டியெழுப்பியதை நான் பெருமையோடுதான் எழுதுகிறேன். வியாபாரியின் நல்ல மனத்தை நம்பி ஒரு கலை வளராது என்பதுதான் இந்த வரலாற்றிலிருந்து எடுக்கவேண்டியது. தென்கொரியா தன் தியேட்டர்களில் ஆண்டுக்கு 146 நாள் உள்நாட்டுப் படம் ஓடவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தது. 2006இல் அதை 73 நாளாகக் குறைத்தபோது நடிகர்களே தெருவில் இறங்கினார்கள். அந்த நாடும் பணக்கார நாடாக இருந்துகொண்டு சினிமா எடுக்கத் தொடங்கவில்லை. இலங்கையில் உள்நாட்டுப் படத்தைக் காப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் அது சிங்களப் படத்தையே குறிக்கும். தமிழ்ப் படம் என்றால் இந்தியப் படம் என்ற கணக்கில் போய்விடும். 2018இல் இங்கேயே எடுத்த தமிழ்ப் படமான 'கோமாளி கிங்ஸ்' தீவெங்கும் வெளியானபோது பலருக்கு அது புதினமாக இருந்ததற்கும் அதுவே காரணம். தமிழ்ப் படம் ஓட்டும் ஒவ்வோர் இலங்கைத் தியேட்டரும் ஆண்டுக்குப் பத்து நாளையாவது இந்நாட்டில் எடுத்த தமிழ்ப் படத்துக்கு ஒதுக்கவேண்டும், தமிழ் அலைவரிசைகள் கிழமைக்கு ஒரு மணி நேரத்தையாவது உள்ளூர் நாடகத்துக்குக் காசு கொடுத்து வாங்கவேண்டும் என்று ஓர் ஒழுங்கு வரட்டும். அப்போது திருமலையில் படம் எடுக்க நினைக்கும் ஒருவர் வீட்டை அடகு வைக்கத் தேவையில்லை. இத்தனை தியேட்டர், இத்தனை நாள், இத்தனை காட்சி என்று எழுதிய ஒரு கடுதாசியை வங்கியில் காட்டலாம். 1978இல் அந்த வைத்தியரிடம் கதை இருந்தது, நடிகர் இருந்தனர், கடலும் இருந்தது. அந்தக் கடுதாசி மட்டும் இருக்கவில்லை.